கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்

எங்கள் டிராயிங் வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "பென்சிலைக் கீழ வைங்கடா." இரண்டாவது, "கண்ணை மூடுங்கடா." படம் வரைகிற வகுப்பில் பென்சிலைத் தொடக்கூடாது, கண்ணையும் திறக்கக்கூடாது என்றால் பிறகு என்னத்தைத்தான் செய்வது? அவர் வந்த முதல் வாரத்திலேயே பையன்கள் 'தூங்குமூஞ்சி சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அறுபதுகளின் பின்பாதி அது. காரைக்குடியில் ஆறாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். முதல் இரண்டு மாதம் எங்களுக்கு வேறொரு வாத்தியார். அவர் கரும்பலகையில் ஒரு மாங்காய் போடுவார். நாங்களும் மாங்காய் போடுவோம். அடுத்த வாரம் குடை. அதற்கடுத்த வாரம் மறுபடியும் மாங்காய். நாங்கள் போட்டு முடிப்பதற்குள் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார். ஆக, அந்த வகுப்பில் தூக்கம் ஒன்றும் புதிதில்லை. முன்பு வாத்தியார் தூங்கினார், இப்போது எங்களைத் தூங்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டோம்.

புதியவர் காளையார்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். சாமியாருக்குப் படிக்கப் போய், பாதியில் மனசு மாறித் திரும்பி வந்தவர் என்று சொன்னார்கள். அங்கே 'ஞான ஒடுக்கம்' என்று ஒன்று உண்டாம். நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் கண்ணை மூடி உட்கார்ந்து, வேதத்தில் வருகிற இடங்களை மனசுக்குள்ளேயே நடந்து பார்க்கப் பழக்குவார்களாம். கிணற்றடி என்றால் அங்கே கால் வழுக்குகிற ஈரம், கயிறு உரசுகிற சத்தம் எல்லாம் வரவேண்டுமாம். அந்தப் பழக்கத்திலிருந்து சாமியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை எங்களுக்குக் கொடுத்தார். இன்றைக்கு என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் இதையே மைண்ட்ஃபுல்னஸ் என்று பெயர் வைத்து, பாய் விரித்து, மெல்லிசாகப் பாட்டு வேறு போட்டு நடத்துகிறார்கள். எங்களுக்குப் பாயுமில்லை, பாட்டுமில்லை. ஆடுகிற பெஞ்சும், மதியச் சாப்பாட்டு மயக்கமும்தான்.

"மூச்சு உள்ள போறதைப் பாருங்க. இழுக்காதீக, அதுவா வரும். ரொம்பத் தூரத்துல என்ன சத்தம் கேக்குது?" என்பார். பஸ் ஸ்டாண்டு ஹாரன் கேட்கும். "இன்னுங் கிட்டத்துல?" பாத்திரக்கடையில் தட்டுகிற சத்தம், ஐஸ்காரன் மணி. "இன்னுங் கிட்டத்துல?" என்று அவர் கேட்ட ஒரு நாள், எவனோ ஒருத்தன் பின்பெஞ்சில் சத்தமாகக் காற்றை விட்டான். அன்றைக்கு வகுப்பு நாசமாய்ப் போனது. சாரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால்தானோ என்னவோ, அதற்கப்புறம் நாங்கள் ஒழுங்காகக் கண்ணை மூட ஆரம்பித்தோம்.

ஒருமுறை தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு அசந்துபோய் நின்றார். வகுப்பு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

"என்னய்யா இது, டிராயிங் வகுப்பா, பஜனை மடமா?"

"இன்னும் வரைய ஆரம்பிக்கலை சார். பாத்துக்கிட்டு இருக்காங்க."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"ஆமா சார்."

தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்களவர்களில், ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, வழக்கம். நான் கீழச்சிவல்பட்டியில் நான்கு ஆண் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவன். மூத்தவர்கள் இரண்டு பேரும் தொழிலுக்கு வேண்டும், கடைக்குட்டி மடிக்கு வேண்டும், ஆகவே என்னைக் கொடுப்பதாக முடிவாயிற்று. காரைக்குடி வீட்டு அப்பச்சி, என்னைக் கூட்டப்போகிற தகப்பனார், மலேயாவில் இருந்தார். அவர் தை மாதம் வந்ததும் ஊரைக் கூட்டி விசேஷம் வைத்துக்கொள்ளலாம், அதுவரை பையன் அங்கேயே இருந்து படிக்கட்டும், ஒட்டுகிறானா பார்ப்போம் என்று பேச்சு. ஒட்டுகிறானா பார்ப்போமாம். நான் என்ன தபால் தலையா?

பெற்றவளை இனிமேல் 'சின்னாத்தா' என்று முறை சொல்ல வேண்டும், காரைக்குடியில் இருக்கும் அப்பச்சியின் மனைவியைத்தான் 'ஆத்தா' என்று கூப்பிட வேண்டும். இதைப் பெற்றவளே பஸ்ஸில் ஏற்றிவிடும்போது சொல்லி அனுப்பினாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. காரைக்குடிக்கு வந்து மாதங்கள் ஓடியும் அவரை நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பசித்தால் அடுப்படி வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன். தண்ணீர் வேண்டுமானால் சொம்பை 'ணங்'கென்று வைப்பேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் கைவேலையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்ப்பார். "பசிக்குது" என்பதோடு நிறுத்திவிடுவேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுப்பார். என் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு பணியாரம் கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அதே வீட்டில் தனி அடுப்பு வைத்திருந்தவர் பெரியாத்தா, அப்பச்சியின் அண்ணன் மனைவி. தன் இளைய மகனைக் கூட்டாமல் கீழச்சிவல்பட்டி வரைக்கும் போனார்களே என்று அவருக்கு ஆறாத மனத்தாங்கல். எனக்குக் கேட்கட்டும் என்றே முற்றத்தில் நின்று பேசுவார். "என்னடி, இன்னுமா அவன் வாயில ஆத்தான்னு வரலை? ஒட்டாத பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறே? விசேஷத்துக்கு முந்தியே திருப்பி அனுப்பிச்சிரு. எல்லாருக்கும் நல்லது."

என்னைக் கூட்டிவந்தவர் அடுப்படிக்குள் போய்விடுவார். அனுப்பிவிட்டால் தேவலை என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அவருக்கு அப்படி இல்லை. பிள்ளைக்காக ஏங்கி ஏங்கி வேண்டாத கோயில் இல்லை. நானும் போய்விட்டால் இன்னொருவனைக் கூட்டிவந்து மறுபடி முதலிலிருந்து காத்திருக்கிற தெம்பு அவருக்கு இல்லை. அந்த வயதிலேயே எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லையே, என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிற்பகல் டிராயிங் சார் சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்டாச்சு. பையைத் தூக்குங்க. நடங்க. வெயில் சுடுது. ஒங்க வீட்டு வாசல் வந்திருச்சு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போங்க. என்ன வாடை வருது? கால் எங்குட்டுப் போகுதோ விடுங்க, மறிக்காதீக. போய் நின்ன இடத்துல யாரு இருக்கான்னு பாருங்க. கூப்பிடாதீக. பாத்தாப் போதும்."

கூப்பிடாதே, பார்த்தால் போதும் என்றது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

மற்றப் பையன்கள் செக்காலை ரோட்டிலும் கழனிவாசல் பக்கமும் நடந்திருப்பார்கள். நான் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திருப்பத்தூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. கீழச்சிவல்பட்டியில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, ஓட்டமாக ஓடிப் பின்கட்டில் போய் நின்றேன். ஊறின உளுந்து வாடை வந்தது. பெற்றவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாமே இடது கைதான். குழவியை இடது கையால் சுற்றிக்கொண்டு, வலது கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கொண்டை சரிந்திருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"கண்ணைத் திறங்க. பாத்ததை வரைங்க."

திறந்தால் கன்னமெல்லாம் ஈரம். பக்கத்தில் இருந்த முஸ்லிம் பையன், பினாங்கிலிருந்து தன் தகப்பனார் கொண்டுவந்த பெட்டியை வரைந்துகொண்டிருந்தான். பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. "எல்லாத்தையும் சொந்தக்காரவுக எடுத்துக்கிட்டாக" என்றான். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தான். எனக்கு முகம் வரைய வராது. முதுகுதானே, வந்துவிட்டது. கொண்டை வந்தது. அந்தக் கையும் வந்தது.

சார் வந்து என் பின்னால் வெகுநேரம் நின்றார். "யாருடா இது?"

"ஆத்தா."

அவருக்கு எங்கள் வீட்டு விவரம் எதுவும் தெரியாது. படத்துக்கு அடியில் அழகான கையெழுத்தில் 'ஆத்தா' என்று எழுதி, என் பெயரையும் வகுப்பையும் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார். சின்னாத்தா என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆண்டுவிழாவன்று மண்டபத்தில் கயிறு கட்டி எல்லாப் படங்களையும் தொங்கவிட்டிருந்தார்கள். தெருப் பெண்டுகளோடு எங்கள் வீட்டு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் என் படத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஆச்சி, இங்குட்டு வந்து பாருங்க! ஒங்க மகன் ஒங்களையத்தான் வரைஞ்சிருக்கான்!"

அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வலது கையில் பையோடு வந்தவர், எழுத்தின் மேல் இடது கை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஆத்தா. அடியில் என் பெயர். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் தூணுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன். ஐயோ, மேலே பார்க்காதீர்கள், பார்க்காதீர்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் பார்வை மெல்ல மேலே போய் அந்தக் குழவியில் நின்றது. கையில் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் போய்விட்டது.

பெரியாத்தா சும்மா இருப்பாரா? "அது சரி, ஒனக்கு எப்படி பீச்சாங்கை வந்துச்சு? இது கீழச்சிவல்பட்டிக்காரியில்ல! அவதான இப்படி ஆட்டுவா. நான் சொன்னேனா இல்லையா? இங்க திங்கிறது, அங்க நெனைக்கிறது!"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் படத்தின் முன்னால் நின்ற அவரையே பார்த்தார்கள்.

"நாந்தான் ஆச்சி அது" என்றார். "வலது கை சுளுக்கிக்கிருச்சு. அன்னைக்கு இடது கையாலதான் ஆட்டுனேன். பிள்ளை பாத்துக்கிட்டு நின்னிருக்கான்."

"சுளுக்கா? எப்ப?"

"இன்னுந்தான் வலிக்குது" என்று பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. காதோரம் எல்லாம் சிவந்துபோயிற்று.

விழா முடிந்ததும் சாரிடம் போய் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார். சார் கயிற்றிலிருந்து எடுத்துக்கொடுத்து, "நல்லாப் பாத்து வரைஞ்சிருக்கான் ஆச்சி" என்றார்.

"ஆமா. நல்லாத்தான் பாத்திருக்கான்."

பெரியாத்தா மற்றப் பெண்டுகளோடு முன்னால் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நடந்தோம். பார்க்க யாருமில்லாத ரோட்டிலும் அவர் பையை இடது கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நடந்தேன்.

"ஞாயித்துக்கெழமை கீழச்சிவல்பட்டிக்குப் போவமா?" என்றார்.

நான் கிடந்த கல்லை எத்திக்கொண்டே நடந்தேன்.

"இந்தப் படத்தை ஒங்க ஆத்தாகிட்டக் குடுத்துட்டு வருவம். அவ பாக்கணும்ல."

சின்னாத்தா என்று சொல்லவில்லை. ஒங்க ஆத்தா என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அங்கயே இருக்கணும்னு இருந்தா இருந்துக்கய்யா. அப்பச்சிக்கு நான் எழுதிக்கிறேன். ஒன்னைய யாரும் வைய மாட்டாக."

நான் எதற்காக அத்தனை மாதம் ஏங்கினேனோ அது கைக்கு வந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அழுகை அழுகையாக வந்தது.

"வேணாம்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "படம் நல்லா வரலை, ஆத்தா."

அவர் நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

"படம் நல்லா வரலைன்னேன்."

"அது கேட்டுச்சு. அதுக்குப் பெறகு?"

"ஆத்தா."

சுளுக்கிய வலது கையால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு போனதும், "சரியாக் காதுல விழுகலைய்யா, இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.