நடுவில் வைத்த ஈயம்

நுணுக்கமான காரியம் எது கைக்கு வந்தாலும் அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஊசியில் நூல் கோக்கும்போது, பிள்ளைக்கு நகம் வெட்டும்போது, மாமனாருக்கு மருந்தை மூடியில் ஊற்றும்போது. “மூச்ச விடும்மா. விட முடியாதவன் நான், உனக்கென்ன வந்துச்சு?” என்று மாமனார் சிரிப்பார். அவருக்கு நுரையீரல் பழுது. மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்திலேயே படுக்கை.

அந்த இயந்திரம் ஒரு காலையில் நின்றுபோனது.

அக்காவுக்கு வேலை மருத்துவக் கருவிகளின் மின்சுற்றுப் போர்டுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில். மூத்தவர்கள்கூட அங்கே அவளை அக்கா என்பார்கள். மொட்டை சிப் என்றால் அவள் மேசைக்குத்தான் வரும். மற்ற சிப்புகளுக்குக் கால் உண்டு. ஈயம் பற்றியதா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மொட்டைக்குக் கால் கிடையாது. ஈயமெல்லாம் வயிற்றுக்கு அடியில். சூடான காற்றை ஊதி இளக்கித் தூக்கி, அடியைத் துடைத்து, புது ஈயம் வைத்து மறுபடி உட்காரவைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் போர்டின் செப்புத் தடமே உரிந்து கையோடு வந்துவிடும்.

இயந்திரத்தின் போர்டைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தாள். வீட்டில் மாமனார் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை நம்பி இருந்தார். கணவன் போன் செய்தான்.

“சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. கடையில இன்னொரு சிலிண்டர் இல்லங்கறான்.”

“வேற கடையில கேளுங்க.”

“கேட்டுட்டுதான் இருக்கேன். நீ எப்ப முடிப்ப?”

“போன வச்சாதான் முடியும்!”

எரிந்துபோன சிப்புக்கு மாற்று புதிதாகக் கிடையாது. செத்த போர்டு ஒன்றிலிருந்து கழற்றிய ஒற்றைச் சிப்தான் கையில் இருந்தது. அது ஏற்கெனவே சூடு கண்டது. இன்னும் எத்தனை சூடு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

சிப் உட்காரும் இடத்தின் நடுவில் ஈயத்தைத் தாராளமாக வைத்தாள். அது அவள் வழக்கம். “நடுவுல கஞ்சத்தனம் பண்ணா ஒட்டாது” என்று எல்லோரிடமும் சொல்வாள். மூச்சைப் பிடித்தபடி காற்றை ஊதினாள். ஈயம் இளகியதும் இடுக்கியால் சிப்பை லேசாகத் தட்டினாள். அது அசைந்து தானாகவே இடத்துக்குத் திரும்பியது. பார்க்க லட்சணமாக இருந்தது. ஆறவிட்டு மின்சாரம் கொடுத்தாள்.

விளக்கு எரியவில்லை.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கட்டைவிரலைச் சிப்பின் மேல் வைத்து அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. விரலை எடுத்தாள், அணைந்தது. அமுக்கினாள், எரிந்தது.

நடுவில் குவிந்த ஈயத்தின் மேல் சிப் தோணிபோல மிதந்துகொண்டிருந்தது. ஓரங்கள் போர்டைத் தொடவே இல்லை.

“என்னக்கா, என் வெரலு எப்ப உன் கைக்கு வந்துச்சு?”

பெட்டிகளோடு வாசலில் நின்றார் கட்டைவிரல் அண்ணன். முன்பு சோதனை மேசையில் இருந்தவர். போர்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கத்தால் வந்த பெயர் அது. அவர் பாஸ் செய்து அனுப்பிய போர்டு ஒன்று ஆஸ்பத்திரியில் வேலை செய்யாமல் திரும்பி வந்தபோது, முதலாளி முன்னால் அக்காதான் கத்தினாள்: “என் ஒட்டுல தப்பில்ல சார். இவர் அமுக்கி அமுக்கியே ஒட்டு விட்டுப்போச்சு.” அன்றோடு அவரைப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

அந்தப் போர்டிலும் மொட்டை சிப்தான். அதன் நடுவிலும் இதே தாராளம்தான்; அவர் விரல் அமுக்கியதும் எரிந்து பாஸாகியிருக்கும். அமுக்கிப் பார்த்தது அவர் பிழை என்றால், மிதக்கவிட்டது யார் பிழை? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“அண்ணே...”

“பேச்சு அப்புறம். நடுவுல வழிச்சு எடு. நான் விளக்கப் பிடிக்கிறேன்.”

மறுபடி சூடு. சிப்பைத் தூக்கும்போது ஓரத்தில் ஒரு தடம் மினுங்கியது. உரிந்துவிட்டதோ என்று இருவரும் குனிந்தார்கள். வெறும் பளபளப்பு. நடுவைச் சுத்தமாக வழித்து, மெல்லிய பூச்சாக ஈயம் வைத்தாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. காற்றை ஊதினாள். சிப் இம்முறை தாழ்ந்து உட்கார்ந்தது.

மின்சாரம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அண்ணன்தான் போர்டைப் பஞ்சில் சுற்றினார். “ஸ்கூட்டர்ல நானே கொண்டுபோய் மாட்டிட்டு வர்றேன். நீ வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடு.”

அவர் கிளம்பிய பிறகு முதலாளி வந்தார். “போர்டு கிளம்பிடுச்சா? ஒரே தடவையில உக்காந்துச்சா?”

இப்போது சொல்லிவிடலாம். அந்தப் பழைய போர்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். வாய் திறந்தது.

“ம்” என்றாள்.

“கேக்கவா வேணும்! உன் கையாச்சே” என்று அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கணவன் போன் செய்தான். அவன் பேசுவதற்கு முன்பே பின்னால் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. அப்போதுதான் அக்கா மூச்சை விட்டாள்.

அதன்பிறகு அவள் நடுவில் தாராளம் காட்டுவதில்லை. முடித்த போர்டைப் பெட்டி கட்டும் மேசைக்குத் தன் கையாலேயே எடுத்துப் போவாள். “என்னக்கா, ஏதாவது சொல்லணுமா?” என்பார் அண்ணன். “ஒண்ணுமில்லண்ணே, பாத்து வையுங்க” என்பாள்.

பட்டறையை விட்டு அவர் விடைபெற்றுக்கொண்ட நாளில் எல்லோரும் அவரைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை பேசினார்கள். அக்காவின் முறை வந்தபோது, கையில் வேலை எதுவும் இல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அண்ணன் நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.