வரதராசா வீட்டுச் சைட்போட்

"மேற்படி நபர் எனக்கு நன்கு தெரிந்தவர். தனித்து வாழ்பவர். அமைதியான சுபாவம் உடையவர். அயலாரின் விடயங்களில் தலையிடாதவர்."

கொழும்பு கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ஸ் சவுந்தரநாயகத்துக்கு, போர்க்காலத்தில் தமிழர் செய்யவேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்காகக் கிராம சேவகர் எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ் இது. கிராம சேவகர் நல்ல மனிதர். எல்லாருக்கும் இதையேதான் எழுதினார். கடைசி வசனத்தை வாசித்த பக்கத்து வீட்டு டோரின் மட்டும் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டாள்.

"கொன்ஸி, இது ஆரைப் பற்றி எழுதினது?"

"என்னைப் பற்றித்தான். ஏன், கவர்மெண்ட் பொய் எழுதுமா?"

கொன்ஸ்ரன்ஸ் கப்பல் கம்பனி ஒன்றில் நெடுங்காலம் தட்டெழுத்தாளராக இருந்தவர். மற்றவர்களுடைய கடிதங்களை வாசிப்பதற்குச் சம்பளம் வாங்கிப் பழகியவர், ஓய்வு பெற்றபின் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் தொடர்ந்தார். யாருடைய விசா திரும்பி வந்தது, எந்தப் பெண்ணின் கலியாணப் பேச்சுக்கால் எதனால் குழம்பியது, எந்த வீட்டுக் கோழிக்கறி உண்மையில் நேற்றையது என்பதெல்லாம் அந்த ஒழுங்கையில் அவருக்குத் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியவரும்.

அப்படிப்பட்டவரின் முன்னறையில்தான் அந்தச் சைட்போட் பூட்டிக்கிடந்தது.

அது வரதராசாவுடையது. ஐம்பதுகளில் கறுவாத்தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, ஏதோ சஞ்சிகையில் வந்த படத்தைக் காட்டி மொரட்டுவையில் செய்வித்த தேக்குச் சாமான். துரை கப்பலேறியபோது ஏலத்தில் போனது. கை மாறிக் கை மாறி, கடைசியில் வெள்ளவத்தையில் வரதராசா வாங்கினார். ஆள் நீளம், இடுப்புயரம். கீழே கூர்ந்து மெலிந்த நாலு கால்கள். முன்பக்கம் பக்கவாட்டில் தள்ளும் இரண்டு கதவுகள். ஒரு சிறிய பித்தளைப் பூட்டு. கண்ணாடியில்லை, பூவேலையில்லை. அதை முதன்முதல் கண்ட டோரின், "அலுமாரிக்குக் காய்ச்சலோ? படுத்துக்கிடக்குது" என்றாள்.

வரதராசா குடும்பம் கனடாவுக்குப் போவதற்கு முன் சில மாதம் கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் வாடகைக்கு இருந்தது. போகும்போது எல்லாவற்றையும் விற்றார்கள். இதை மட்டும் விற்க வரதராசாவின் மனைவி ஜெகதீஸ்வரிக்கு மனம் வரவில்லை. எதையெதையோ உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"ஆறு மாசம்தான் அன்ரி. ஆளனுப்பி எடுப்பிப்பன். அதுவரைக்கும் நீங்கள் கையால திறக்கவும் கூடாது, கண்ணால பாக்கவும் கூடாது."

"என்ன பிள்ளை, என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சபடியாத்தான் சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி சைவக்காரி. ஆனால் சத்தியம் வாங்கக் கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளையார் இளகிய மனசுக்காரர், மன்னித்துவிடுவார். கொச்சிக்கடைத் தேவாலயத்து அந்தோனியார் அப்படியல்ல என்று கொழும்பில் எல்லாச் சமயத்தவரும் நம்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அன்ரியை அங்கே கூட்டிக்கொண்டு போய், இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, சிலைக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். பிறகு பூட்டின் திறப்பையும் கொண்டு ரொறன்ரோவுக்குப் பறந்தாள்.

ஆறு மாதம் வருடமாயிற்று. வருடமும் கூடிக்கொண்டு போயிற்று. திறப்பு இல்லாதது ஒரு தடையே அல்ல. அந்தப் பூட்டு ஒரு கொண்டையூசிக்குத் திறக்கும். கொன்ஸ்ரன்ஸின் கொண்டையில் எப்போதும் அரை டசின் ஊசி இருக்கும். சனிக்கிழமைகளில் துடைக்கும்போது அவருடைய கை பூட்டுக்குக் கிட்டப் போய்க் கொஞ்சம் தாமதிக்கும். பிறகு கால்களைத் துடைக்கப் போய்விடும்.

பழைய தளபாடம் வாங்கி விற்கும் றவூப் ஒருநாள் எட்டிப் பார்த்தவர், கதவோரத்திலேயே நின்றுவிட்டார்.

"மிஸ், இது லேசுப்பட்ட சாமான் இல்ல. வெள்ளக்காரன் இப்ப இந்த டிசைனத்தான் தேடித் திரியிறான். கண்ணாடி வெச்ச புது அலுமாரி ஒண்டு தாறன், இதத் தாங்க."

"என்ட இல்லை, றவூப்."

"சரி, உள்ளுக்காவது பாப்பமா? தட்டு எப்பிடி எண்டு."

"நானே பாக்கேல்லை. நீர் பாக்கப் போறீரோ?"

றவூப் ஒழுங்கை முனையில் நின்று டோரினிடம் கேட்டார்: "மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையா?"

பிறகு சுற்றிவளைப்பு வந்தது. நகரத்தில் எங்கோ குண்டு வெடித்த அடுத்த நாள் காலை. ஒழுங்கையின் இரு முனையும் அடைக்கப்பட்டு வீடு வீடாகத் தேடினார்கள். கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்கு ஒரு பொலிஸ் சார்ஜனும் இளம் கான்ஸ்டபிளும் வந்தார்கள். பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. நற்சான்றிதழை வாசித்துத் தலையாட்டிய சார்ஜன் சைட்போட்டைக் காட்டினார்.

"இதற்குள் என்ன?"

"தெரியாது."

"உங்கள் வீட்டில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாதா?"

அவருடைய வாழ்நாளிலேயே மிகவும் உண்மையான பதில் அதுதான். அதைவிடச் சந்தேகத்துக்குரிய பதில் வேறு இருந்திருக்கவும் முடியாது. உரிமையாளர் யாழ்ப்பாணத்து ஆட்கள், கனடாவில் இருக்கிறார்கள், திறப்பும் அங்கேதான் என்று சொல்லச் சொல்ல, விடயம் இன்னும் மோசமானது. உள்ளே ஏதாவது இருந்தால் பொலிஸுக்குப் போவது தான்தான் என்பது கொன்ஸ்ரன்ஸுக்கு விளங்கியது.

கான்ஸ்டபிள் துப்பாக்கியின் அடிக்கட்டையை ஓங்கினான்.

"பொறு!" என்றார் சார்ஜன். குனிந்து மூலைப் பொருத்தை விரலால் தடவினார். "இது எங்கள் ஊர் வேலை. என் அப்பா மொரட்டுவைத் தச்சன். இதை உடைத்தால் அவர் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்." பிறகு நிமிர்ந்தார். "ஆனால் திறக்காமல் போகவும் முடியாது, அக்கா. நீங்கள் திறங்கள், இல்லாவிட்டால் உடைப்பான்."

கொன்ஸ்ரன்ஸ் யோசித்தார். சத்தியம் தன் கையையும் கண்ணையும் பற்றியது. பொலிஸைப் பற்றி அந்தோனியாரிடம் யாரும் ஒன்றும் பேசவில்லை. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி சார்ஜனிடம் கொடுத்தார். இரண்டு அடி தள்ளிப்போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"நான் பார்க்கக்கூடாது. அந்தோனியாருக்குச் சத்தியம்."

சார்ஜனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவருடைய மனைவியும் செவ்வாய்தோறும் கொச்சிக்கடைக்குப் போகிறவள்தான்.

பூட்டு கிளிக்கென்றது. கதவு தள்ளுப்பட்டது. கான்ஸ்டபிள் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, சத்தமாகப் பெயர் சொல்லத் தொடங்கினான். கண்ணைத் திருப்பலாம், காதை என்ன செய்வது? கொன்ஸ்ரன்ஸ் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே" என்று அடித்தொண்டையில் தொடங்கினார். ஒழுங்கை முழுவதும் கேட்டது. கொன்ஸியைச் சுடப்போகிறார்கள் என்று நினைத்து டோரினும் தன் வீட்டில் முழங்காலில் விழுந்தாள்.

தோளில் யாரோ தட்டியபோது கதவு மூடியிருந்தது. சார்ஜன் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பயப்பட ஒன்றுமில்லை, அக்கா. என்ன இருந்தது என்று சொல்லட்டுமா?"

கொன்ஸ்ரன்ஸின் வாய் கேட்கத் திறந்தது. மூடியது.

"எப்பா, மாத்தயா," என்றார். வேண்டாம், ஐயா.

பொலிஸ் ஜீப் புகை அடங்குமுன் டோரின் வந்துவிட்டாள்.

"கொன்ஸி, என்னடி இருந்தது?"

"தெரியாது."

"பொலிஸ் பாத்திட்டுது, கான்ஸ்டபிள் பொடியன் பாத்திட்டான், உனக்குத் தெரியாதா? ஆருக்கடி கதை விடுறாய்?"

ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை. ஊர்க்கதை முழுவதும் சொன்னவள் இதை மட்டும் ஒளிக்கிறாள் என்றால், உள்ளே தங்கம்தான் என்று முடிவு கட்டினார்கள். நற்சான்றிதழ் எழுதிய கிராம சேவகரே வந்து, மெல்லக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

போர்நிறுத்தக் காலத்தில் வரதராசாவும் ஜெகதீஸ்வரியும் வந்து சைட்போட்டை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதுவரைக்கும் கொன்ஸ்ரன்ஸ் அதைச் சனிக்கிழமைதோறும் துடைத்தார். ஒருநாளும் உள்ளே பார்க்கவில்லை.