மூன்றில் ஒரு பங்கும் ஏழு கையெழுத்தும்

தொழிற்சங்கச் செயலாளருக்குச் சம்பளம் கிடையாது. மற்றவர்களின் சம்பளத்தைப் பற்றி நாள் முழுக்க யோசிப்பதுதான் அவருடைய வேலை. கோயில் சபை, மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எதற்காவது செயலாளராக இருந்து, ஒரேயொரு கையெழுத்துக்காக வீடு வீடாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் என்னைப் போல் பட்டவர்கள்.

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தராசடியில் நிற்கிறேன். நெல் மூட்டை வரும்போது நிறுப்பேன், அரிசி மூட்டை போகும்போது நிறுப்பேன். பள்ளிக்கூடம் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப்பிரசுரங்கள் படிப்பித்தன. ஆலையில் சங்கம் தொடங்கியவனும் நான்தான். ஏழு பேர் இல்லாத சங்கம் சங்கமே இல்லை என்பது சட்டம். அதனால் வருஷா வருஷம் உறுப்பினர் பட்டியலைக் கையெழுத்துகளோடு பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பேன். போன வருஷத் தொடக்கத்தில் எங்களிடம் பதின்மூன்று கையெழுத்துகள் இருந்தன.

மூன்றாம் பக்கம்

சாமான் விலை ஏறிக்கொண்டே போனது, எங்கள் சம்பளம் இருந்த இடத்தில் இருந்தது. தராசடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வெளியில் இவ்வளவு கூடத் தருகிறார்களாம், போகலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்து, கடைசியில் நான்கு பக்கத்தில் ஒரு பிரசுரம் எழுதினேன். முதல் பக்கம் உலக நிலைமை. இரண்டாம் பக்கம் முதலாளி. மூன்றாம் பக்கத்தில் விடை. பஸ் காசு, வெளியில் வாங்கித் தின்னும் சோறு, இங்கே மாதம்தோறும் கிடைக்கும் பத்துக் கிலோ குறுணல் அரிசி, புது முதலாளியின் குணம் பிடிபடப் போகும் ஆறு மாதம், எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்காவது கூடினால்தான் மாறுவதில் பொருள் உண்டு. அதற்குக் குறைந்தால் இருந்து போராட வேண்டும். "மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்தும் போகாதவன், முதலாளியின் தயவை நம்பும் முட்டாள்" என்றும் ஒரு வரி சேர்த்தேன். வாசிக்க நன்றாக இருந்ததால் அதை வெட்டவில்லை.

இந்தப் பகுதியில் எவரும் மூன்றில் ஒரு பங்கு கூட்டித் தரமாட்டார்கள், ஆகவே எல்லோரும் இருந்து போராடுவார்கள் என்பதே என் கணிப்பு. அந்த மாதமே பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு ஆள் எடுத்தார்கள். கூட்டியது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் மூட்டை சுமக்கும் ஆட்கள் மூவர் ஒரே நாளில் விலகல் கடிதம் கொடுத்தார்கள். போகும்போது என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூவரில் மூத்தவர் சொன்னார்: "தோழர், நீங்க எழுதினதுக்குப் பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்த."

முதலாளியும் ஒரு வாசகர்

எங்கள் முதலாளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகப்பன் ஓய்ந்த பிறகு ஆலையை எடுத்தவர். ஒருநாள் அலுவலகத்துக்குப் போனபோது என் பிரசுரம் அவருடைய மேசையில் கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் வரிக்கு வரி சிவப்பு மையில் கோடு. இத்தனை வருஷத்தில் என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்த வேறொருவரை நான் கண்டதில்லை.

அவர் எதற்காகப் படித்தார் என்பது யோகராசாவின் விஷயத்தில் தெரிந்தது. யோகராசா நெல் அவிக்கும் கொதிகலனைப் பார்ப்பவன், சித்தாண்டி ஊர்க்காரன். வாழைச்சேனையில் ஒரு ஐஸ் தொழிற்சாலை அவனைக் கூப்பிட்டது. சம்பளம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கூடுதல். முதலாளி அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இங்கே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும் அளவுக்கு மட்டும் கூட்டினார். சங்கத்தில் இருந்து விலக வேண்டும் என்பது நிபந்தனை. யோகராசா என் பிரசுரத்தையும் அங்கத்துவ அட்டையையும் ஒன்றாக மடித்துக் கொண்டுவந்து தந்தான். நான் கோபத்தில் இரண்டையும் தராசுமேல் போட்டேன். அவன் ஆறுதல் சொன்னான்: "உங்கட கணக்குப்படி இப்ப நான் போகக் கூடா தோழர், அதுதான் நிண்டுத்தன்."

எழுதாமல் விட்ட பக்கம்

வின்சன்ட் எங்கள் இயந்திரத் திருத்துநர். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிக் குடும்பம். நெல் குற்றும் மெஷின் நின்றால் காதை வைத்துக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். அவர் விலகப்போகிறார் என்று கேள்விப்பட்டு, எத்தனை பங்கு கூட்டுகிறார்கள் என்று விசாரித்தேன். கூட்டவில்லை, குறைக்கிறார்கள் என்றார்கள். நகரத்தில் அவருடைய மச்சான் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அங்கே போகிறார், இங்கே வாங்குவதிலும் குறைந்த சம்பளத்துக்கு.

குறைந்த சம்பளத்துக்குப் போகிறவனைப் பற்றி என் பிரசுரத்தில் ஒரு வரியும் கிடையாது. அப்படி ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்று நான் படித்த எதுவும் எனக்குச் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடைக்கே தேடிப் போய், அவர் ஒரு காபரேற்றரைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டி முடிக்கும் வரைக்கும் நின்று, உழைப்பின் பெறுமதியைப் பற்றி விளக்கினேன். வர்க்க உணர்வைத் தொட்டேன். அவருடைய மூன்று பிள்ளைகளையும் தொட்டேன். வின்சன்ட் கையைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சம்பளம் குறைவுதான் தோழர், ஆனா இஞ்ச கூட்டம் வைக்க ஆளில்ல."

புஸ்பராணியின் கணக்கு

மிஞ்சியது எட்டுப் பேர். எட்டாவது கையெழுத்து புஸ்பராணியுடையது. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏற அதன்மேல் நடந்து காலாலேயே கிளறிக் காயவைப்பது அவருடைய வேலை. செருப்போடு நடந்தால் அரிசி உடையும் என்று களத்தில் செருப்புக்கு அனுமதியில்லை. அது பற்றி நான் ஒரு பிரசுரமும் எழுதியதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. ஆட்களை ஏற்றிப்போக வாசலுக்குக் கம்பனி வானும் வரும். ஞாயிற்றுக்கிழமை நான் தாளும் பேனையுமாக அவர் வீட்டுக்குப் போனேன். என் பிரசுரத்தை நானே மறுக்க வேண்டிய நிலைமை. தேநீர் தந்தார். கணக்குப் போட்டேன். குறுணலைக் கழித்தேன். பெருநாள் முற்பணத்தைக் கழித்தேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் வீட்டில் நிற்க முடியாது, அதற்கும் ஒரு தொகை போட்டுக் கழித்தேன். வானில் போனால் நடக்கும் பழக்கம் விட்டுப்போய் உடம்புக்கு வருத்தம் வரும் என்று அதையும் கழித்தேன். இப்படி உழைத்ததில் கூடுதல் சம்பளம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. தாளை அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

புஸ்பராணி தாளை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தார். பிறகு பலகைக் கட்டிலில் இருந்தபடியே தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். எனக்குக் காட்டுவதற்காகப் பார்த்ததாகத் தெரியவில்லை. தோல் காய்ந்து வெடித்துக் களத்தின் நிறத்தில் இருந்தது. "எல்லாம் சரியாத்தான் எழுதியிரிக்கீங்க தோழரண்ணெ" என்றார். "ஆனா அங்க இரிந்து தைக்கிற. கதிரைய நீங்க கணக்கில சேக்கல்லியே."

ஒருமனதான தீர்மானம்

ஏழு பேர். பட்டியல் அனுப்ப இன்னும் இரண்டு கிழமை. அப்போதுதான் முதலாளி எனக்குக் களஞ்சிய மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொன்னார். சம்பளத்தில் அரைவாசி கூடும். மேற்பார்வை செய்பவர் அங்கத்தவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் ஒன்பதாம் விதி. விதிகளை எழுதியவன் நான். பதவியை ஏற்றால் சங்கம் ஆறு பேர், அதாவது சங்கம் இல்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். இரவில் நான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். "முடிவ நீங்களே எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

தனி மனிதன் முடிவெடுப்பது எங்கள் மரபில்லை என்பதால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உமிக் குவியலுக்குப் பின்னால் கூட்டத்தைக் கூட்டினேன். அவர்கள் என்னைப் போகவிடமாட்டார்கள் என்று நம்பினேன். நீளமாக நன்றி சொல்ல வேண்டிவரும் என்று போத்தலில் தண்ணீர்கூடக் கொண்டுபோயிருந்தேன். முதலில் ஒருத்தர் மூன்றாம் பக்கத்தைச் சட்டைப்பையில் இருந்து எடுத்து வாசித்தார். இன்னொருத்தர், நான் மேற்பார்வையாளரானால் லீவுத் துண்டில் கையெழுத்து வாங்குவது சுலபம் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. தலைமை தாங்கியதால் எனக்கு வாக்கில்லை. ஆறு கைகளும் நான் போக வேண்டும் என்று உயர்ந்தன. தீர்மானத்தை எழுதிவிட்டு, "செயலாளர் இதை ஏற்க மறுத்தார்" என்று கீழே நானே எழுதினேன். பொருளாளர் கந்தப்போடி என் தோளில் கையை வைத்தார்: "கவலைப்படாதீங்க தோழர், சங்கம் தொடங்கி இண்டைவரைக்கும் ஒருத்தரும் எதிர்க்காம எடுத்த தீர்மானம் இது ஒண்டுதான்."

இருந்து பேசிய நாள்

அடுத்த நாள் முதலாளியிடம் போனேன். "இரிங்க அண்ணன்" என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். முதலாளிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவது சமரசத்தின் முதல் படி என்று எங்கோ வாசித்திருந்ததால், இருபத்திரண்டு வருஷமாக நின்றே பேசிவந்தவன் நான். அன்று முழங்கால் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். பதவி வேண்டாம் என்று சொல்ல வந்தவன், முதலில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினேன். கதிரையைப் பற்றிப் புஸ்பராணி சொன்னது எவ்வளவு பெரிய தொகை என்று அப்போதுதான் விளங்கியது.

வேண்டாம் என்றேன். அவர் பிரசுரத்தை எடுத்து, முட்டாளைப் பற்றிய வரியை எனக்கே வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் வாசித்தார். பிறகு, "அப்ப என்னதான் வேணும்?" என்று கேட்டார். களத்துக்கு ஒரு நிழல் கொட்டில், காலுக்குச் செருப்பு, உட்கார ஏழு கதிரை என்றேன். ஒரு மணித்தியாலம் பேசினோம். கொட்டில் யோசனைக்குப் போனது. செருப்புப் போடலாம், றப்பர் செருப்பாக, சொந்தச் செலவில். ஏழு கதிரை ஒரேயொரு கதிரையாகக் குறைந்தது. எழும்பி வாசலுக்கு வரும்போது அவர் கணக்குப்பிள்ளையிடம் சொன்னது கேட்டது: "அரைவாசிச் சம்பளத்த வேணாமெண்டுத்து கதிரை கேக்கிற ஆள இண்டைக்குத்தான் காணுறன்."

பட்டியல் ஏழு கையெழுத்தோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒற்றைக் கதிரை, சிவப்பு நிறத்தில், களத்தடி வேம்பின் கீழே வந்தது. ஏழு பேருக்கு ஏழு நாள் என்று முறை பிரித்தோம். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. கந்தப்போடிதான் பட்டியலை வாசித்தார்: "மூத்தவர் எண்டபடியா, கடைசி நாள் தோழருக்கு."

ஆக, மூன்றில் ஒரு பங்கு என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டு அரைவாசியை வேண்டாமென்ற நான் இருபத்திரண்டு வருஷத்தில் வென்றெடுத்தது ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் என் முறை, ஆலை பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை.