கலியாண லைற்றில் ஒரு பரீட்சைப் படம்

என் முகம் செல்லாது என்று அந்த இணையத்தளம் முதல் தடவை அறிவித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விசா, அகதி அட்டை, குடியுரிமை என்று எத்தனையோ கண்ணாடிச் சன்னல்களில் காட்டித் தேறிய முகம் இது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு கணினி சொல்கிறது, இது சரியில்லையாம்.

அப்போது நான் பாரிஸுக்கு வெளியே ஒரு நகரசபையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு கோடையிலும் நீட்டுவார்களா, நிறுத்துவார்களா என்று மேலதிகாரியின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ‘கொன்கூர்’ என்று இங்கே சொல்லும் அரசுப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். இந்தத் தடவை எழுதியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். அந்த இணையத்தள விண்ணப்பத்தில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, படம் ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை மாலையோடு கதவைச் சாத்திவிடுவார்கள்.

லா கூர்னெவ்வில் இருக்கும் எங்களுக்குப் படம் என்றால், பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பல்தான். ரூ காய் என்கிற தெருவுக்குப் பக்கத்தில், சீலைக்கடை ஒன்றுக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, அட்டைகளுக்கான படம், எல்லாம் ஒரே அறைக்குள். நடத்துகிற அண்ணை நல்ல மனுசன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் எடுத்து முடித்ததும் கணினிக்கு முன்னால் குந்தி, யாரும் கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி விடுவார். மரக்கறி வாங்கினால் கடைக்காரர் ஒரு பிடி கறிவேப்பிலை சேர்த்துப் போடுவதைப் போல, அது அவருடைய உபசாரம். வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழி மட்டும் வைத்திருக்கிறோம். பெண் பார்க்கப் படம் அனுப்பும்போது அந்தப் பழமொழி யாருடைய வாயிலும் வராது.

அன்று அவர் தந்த படத்தில் நான் யாரோ மாவு வியாபாரியின் மனைவியைப் போல இருந்தேன். அவசரத்தில் அப்படியே ஏற்றினேன். திருத்தப்பட்ட படம், ஏற்க முடியாது என்று பதில் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

சரி, மனிதக் கை படாத படம் எடுப்போம் என்று மறுநாள் காலை ரயில் நிலையத்தில் இருக்கும் தானியங்கிப் படப்பெட்டிக்குள் போனேன். திரைச்சீலையை இழுத்து, கதிரையைத் திருகி உயரம் பார்த்து, வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்தேன். பின்னால் பளீரென்ற வெள்ளை. வந்த படத்தில் தலைமயிர் எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதையும் ஏற்றினேன். முகம் தெளிவாக இல்லை, ஏற்க முடியாது என்றது.

வெளுத்தால் பொய், கறுத்தால் தெளிவில்லை. அப்படியென்றால் நான் எந்த நிறத்தில் பரீட்சை எழுதுவது? கண்ணில் தண்ணீர் முட்டும் கோபம் வந்தது. உதவிக்கென்று போட்டிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

“படத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்து பாருங்கள், மதாம்.”

“திருத்தினால் ஏற்கமாட்டோம் என்றவர்களும் நீங்கள்தானே?”

திரையில் எழுதியிருப்பதைத்தான் தன்னால் சொல்ல முடியும் என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னேன்: “வெளிச்சத்தை வேண்டுமானால் கூட்டுகிறேன், மதாம். என் நிறத்தில் கை வைக்கமாட்டேன்.” சொல்லிவிட்டுத் தொலைபேசியை நானே வைத்துவிட்டேன்.

பின்னேரம் கணவர் உணவகத்து வேலை முடிந்து வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “இஞ்சேரும், அண்ணையிட்டைச் சொல்லி அளவா வெள்ளையாக்கச் சொல்லுமன். ஆருக்குத் தெரியப்போகுது? ஒரு படத்துக்காக வேலையை விடப்போறீரோ?” என்றார்.

“வேலைக்காக முகத்தை விடச் சொல்லுறியளோ?”

அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. படம் போகாவிட்டால் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாவிட்டால் வருகிற கோடையில் வேலை இருக்குமோ தெரியாது. பயம் இருந்தது. பயத்தை விட வீம்பு கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போனேன். படம் திரும்பி வந்த கதையைச் சொன்னதும் அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இருவது வருசமா உப்பிடித்தான் செய்யிறன் தங்கச்சி. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை.”

“நான் சொல்லுறன் அண்ணை. என்னை உள்ளபடி எடுங்கோ.”

“உள்ளபடி எடுத்தா உங்கை திருப்பித்தான் அனுப்புவாங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னாலை எங்கட முகம் இருண்டுதான் விழும். அதுக்குத்தானே நான் பிறகு கணினியிலை சரிப்படுத்துறன்.”

அப்போதுதான் அறையைச் சரியாகப் பார்த்தேன். அட்டைப் படம் எடுக்கும் சுவருக்கு மேலே ஒரேயொரு குட்டி விளக்கு. எதிர்மூலையில், பொம்பிளை மாப்பிள்ளையை இருத்துகிற சிம்மாசனத்தின் இரு பக்கமும், வெள்ளைக் குடை கவிழ்த்த இரண்டு பெரிய விளக்குகள்.

“உந்த ரெண்டையும் இஞ்சாலை இழுங்கோ அண்ணை.”

“உது கலியாண லைற்றெல்லோ! கார்ட் படத்துக்கு ஆரும் உதைக் கொளுத்துவினமே?”

“எனக்கு இது கலியாணத்தை விடப் பெரிசு.”

நான் பகிடி விடுகிறேனா என்று அவர் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே விளக்குகளை இழுத்து வந்து, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் நிறுத்தினார். சுவரில் நிழல் விழாமல் என்னை இரண்டடி முன்னே வரச் சொன்னார். தொழில் தெரிந்தவர்தான். சோம்பலை இத்தனை காலமும் உபசாரமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

திரையில் நான் வந்தேன். நெற்றி மினுக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம், தாடையில் பழைய தழும்பு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கறுப்பு, கறுப்பாகவே இருந்தது, தெளிவாகவும் இருந்தது. அண்ணையின் கை தானாகவே மவுஸுக்குப் போனது.

“தொடாதேங்கோ!”

“கண்ணுக்குக் கீழை மட்டும் கொஞ்சம்...”

“அது நான் வேலையால வந்து கண் முழிச்சுப் படிச்ச கருவளையம் அண்ணை. அதையும் சேத்துத்தான் பரீட்சைக்கு அனுப்புறன்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டார். அவருடைய கணினியிலேயே விண்ணப்பத்தைத் திறந்து படத்தை ஏற்றினேன். சக்கரம் சுற்றியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்து வந்தது.

“எடுத்துப்போட்டுதே!” என்றார் அண்ணை, நம்ப முடியாதவராக.

“ஏன் எடுக்காது?” என்றேன்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். அதே மேசைதான், ஆனால் இப்போது கோடை வந்தால் நான் யாருடைய வாயையும் பார்ப்பதில்லை. நிரந்தர ஊழியர் என்று கழுத்தில் மாட்டத் தந்த அட்டைக்கு வேறு படம் வேண்டுமா என்று கேட்டார்கள். விண்ணப்பத்தில் இருப்பதையே போடச் சொன்னேன்.

போன கிழமை எங்கள் ஆட்களில் ஒரு அம்மா பிள்ளையின் பள்ளிக்கூட அலுவலாக என் மேசைக்கு வந்தா. அலுவலைச் சொல்ல முதல் என் அட்டையை உற்றுப் பார்த்தா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. படத்திலை நல்லாக் கறுத்துப்போனியள். ரூ காய்க்குப் பக்கத்திலை ஒரு ஸ்டூடியோ இருக்கு, அங்கை எடுத்தா நல்ல வெள்ளையா வரும்” என்றா.

“ஓம் அக்கா, தெரியும்” என்றேன். “இது அங்கைதான் எடுத்தது. கை வைக்க விடேல்லை.”