பட்டம்மாளோடு வந்தவர்

ஆம்பூரில் எங்கள் சபையைச் சேர்ந்த வீடுகளில் யாராவது படுக்கையில் விழுந்தால், முதலில் பட்டம்மாளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு ஃபிளாஸ்க் கஞ்சியோடு கிளம்பிவிடுவாள். நோயாளியின் வாயைத் துடைப்பாள், புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவாள், அசிங்கமான துணிகளை முகம் சுளிக்காமல் அலசிப் போடுவாள். ஜெபம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போன அவள் புருஷன், அவள் ஷிஃப்டில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் இறந்தான். கடைசியாக, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். நர்ஸ் சொன்ன அந்த வார்த்தையைப் பட்டம்மாளால் கடக்க முடியவில்லை. ஆண்டவருக்குத் தான் செய்ய வேண்டிய ஊழியம் இதுதான் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். பல வருஷம் அமைதியாகவே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மேகலாவின் மாமியார் படுத்திருந்தபோதுதான் அது தொடங்கியது. நல்ல வெயில் நேரம். கட்டிலோரம் உட்கார்ந்து, கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டம்மாள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா பட்டு, கூட வந்தவர நிக்க வெச்சிட்டு நீ பாட்டுக்கு ஜெபம் பண்றியே. உக்காரச் சொல்லு," என்றாள் கிழவி.

பட்டம்மாள் கண்ணைத் திறந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. மேகலா சமையற்கட்டில் இருந்தாள். ஆனால் கிழவியின் பார்வை, ஒருவர் அறையைக் கடந்து நடப்பதைப் பார்ப்பதுபோல மெதுவாக நகர்ந்து கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது. கிழவி சிரித்தாள். விளக்கு வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அடுத்தது பக்கத்து வீட்டு இஷ்தியாக் அகமது. பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன மனிதர். மருமகள் ஷஹீன் பானு உதவிக்குக் கூப்பிட்டாள் என்று பட்டம்மாள் போய், வெந்நீரில் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிரமப்பட்டு வலது கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். அவளுக்கு இல்லை, அவள் தோளுக்குப் பின்னால்.

"மாமா யாருக்கு சலாம் சொல்றாரு அக்கா?" என்றாள் ஷஹீன், குரல் இறங்கி.

பட்டம்மாள் திரும்பவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது. வாசல் திரை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் அன்றைக்கே போய்ச் சேர்ந்தார்.

இன்னும் இரண்டு வீடுகளில் அப்படியே நடந்த பிறகு தெருவில் பேச்சு மாறியது. அவள் வருவதைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஆராதனை முடிந்ததும் மேகலா அவளைத் தனியாக அழைத்துப் போனாள். சபையின் பெண்கள் சங்கத்துக்கு மேகலாதான் செயலாளர்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு யார் வீட்டுக்கும் போவாதீங்க. ஜனங்க பயப்படுறாங்க."

"நான் இன்னா பண்ணேன் மேகலா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அக்கா. அதான் பயமா இருக்குது."

பட்டம்மாள் போவதை நிறுத்தினாள். வீட்டில் முழங்கால் போட்டு, "என்கூட வர்றது உம்மோட ஆளா, வேற யாராவதா? அத மட்டும் சொல்லும்" என்று கேட்டாள். கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒருநாள் அந்தக் காலி இருக்கையில் தற்செயலாகக் கை வைத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் நாட்றம்பள்ளியிலிருந்து இன்பராஜ் காரில் வந்தான். டயர் கடை வைத்திருப்பவன். அப்பா தானியேல் ரொம்ப நாளாகப் படுத்த படுக்கை என்றான்.

"நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணணும் அக்கா. உங்களப் பத்திக் கேள்விப்பட்டேன்."

ஒருவர் கூப்பிடுகிறாரே என்ற சந்தோஷத்தில் அவள் வேறெதுவும் யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது, பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் பந்தல் கம்புகள் கிடந்தன. இன்பராஜின் மனைவி அருகில் வந்து மெல்லக் கேட்டாள்: "சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் இல்லக்கா?"

பட்டம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போயிருப்பாள். ஆனால் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

பெரியவர் எலும்பாகக் கிடந்தார். முதுகெல்லாம் புண். உதடு வெடித்திருந்தது. அவள் ஜெபிக்கவில்லை. வெந்நீர் கேட்டு வாங்கி உடம்பைத் துடைத்தாள், மருந்து போட்டாள், ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். இப்போது என் பின்னால் பார்ப்பார் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். அவர் அவளை மட்டும்தான் பார்த்தார்.

"தனியாவா வந்தே?"

"ஆமாங்கய்யா."

அவர் பார்வை கதவுப் பக்கம் போனது. நிலையில் கை ஊன்றி இன்பராஜ் நின்றிருந்தான். கிழவரின் முகம் கோணியது. "என் புள்ள பின்னாடி யாரு நிக்கிறது? அவன உட்டுடச் சொல்லும்மா... உட்டுடச் சொல்லு."

இன்பராஜ் திடுக்கிட்டுத் திரும்பினான். கூடத்தில் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"தம்பி, நெஞ்சு வலிக்குதா?"

"காலைலேர்ந்து... கேஸ் டிரபிள்தான் அக்கா..." என்றவன் அப்படியே சரிந்தான்.

வாணியம்பாடியில் முதலுதவி செய்து, ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள். மனைவி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பட்டம்மாள் பின்னால் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூட அவளுக்குப் பயம். பக்கத்தில் பெஞ்சு ஆள் உட்கார்ந்ததுபோல அழுந்தியிருந்தது, நன்றாகவே தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதனிடம் நேராகப் பேசினாள்.

"இவன் இன்னும் அவங்கப்பனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டல. இப்ப வேணாம். ஏசப்பா, வேணாம்னு நீர் சொல்லும்."

ஆம்பூர் மேம்பாலம் கடந்தது. மாதனூர் கடந்தது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டி வேகம் குறைந்தபோது, ஒருவர் எழுந்து இறங்கினால் வருவதுபோல பெஞ்சு லேசாக மேலே வந்தது. இன்பராஜ் அவள் விரலை இறுக்கிப் பிடித்தான்.

அவன் பிழைத்தான். வார்டில், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "எதுக்கு உங்களக் கூட்டிட்டுப் போனேன்னு தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கூட வந்தீங்க?"

"நீயும் படுத்துட்டியே. படுத்தவங்களப் பாக்கறதுதான என் வேல."

தானியேல் அடுத்த மழைக்காலம்வரை இருந்தார். கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இன்பராஜ் அப்பாவைப் புரட்டமாட்டான். கஞ்சி மட்டும் அவனே ஊட்டினான். அவர் இறந்த காலையில் பட்டம்மாள் அங்கே இல்லை. அப்பா கடைசிவரை தன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாக அவன் ஃபோனில் சொன்னான்.

பட்டம்மாள் மறுபடி வீடுகளுக்குப் போகிறாள். சிலர் இன்னும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவள் அடுத்த வீட்டுக்கு நடந்துவிடுகிறாள். ஜெபிக்கும்போது மட்டும் இப்போதெல்லாம் அவள் கண்ணை மூடுவதில்லை.