கோட்டுக்கு வெளியே எடுத்த பந்து

மாநிலத்திலேயே நன்றாகக் கூடைப்பந்து ஆடும் பள்ளிக்கூடப் பெண்கள் யார் யார் என்று ஒரு பட்டியல், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அதை யார் தயாரிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர், பள்ளி, உயரம், ஆளுக்கு இத்தனை நட்சத்திரம். தமிழ்நாடு முழுக்க இருக்கும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள் அத்தனை பேரும் அதை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் மாதிரி போன் மேல் போன் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். அதில் உள்ள பெண்களில் பாதிப் பேர் ஆடுவதை அந்தப் பட்டியல்காரர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார் என்பது என் சந்தேகம். உயரத்தைப் பார்த்திருப்பார், சான்றிதழைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். ஒரு காலத்தில் நானும் ஆடியவள்தான். சென்ற வருடம் எங்கள் கல்லூரிச் செயலாளர் கூடைப்பந்துக்கு ஒரே ஓர் இடம்தான் என்று சொல்லிவிட்டார். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம்; ஆனால் ஒரே ஒருத்திக்கு. அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க நானும், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஒரு பழைய ஆட்டக்காரரும் உட்கார வேண்டும். எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் முடிவு செயலாளருடையது. செயலாளர் வாழ்நாளில் ஒரு கூடைப்பந்தாட்டம்கூட முழுதாகப் பார்த்தவர் இல்லை.

எங்கள் கல்லூரி ஆடுகளத்தில் தரை பெயர்ந்து கிடந்ததால் தேர்வைக் கடலூரில் வைத்தோம். நல்ல முகூர்த்த நாள். சிதம்பரத்திலிருந்து போன பேருந்து முழுக்கப் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும். நான் டிராக் சூட்டில் விசிலை மாட்டிக்கொண்டு நின்றபடியே போனேன். அந்தப் பழைய ஆட்டக்காரர், அவரை இனி சார் என்றே சொல்கிறேன், திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டுத் தாம்பூலப் பையோடு வந்து சேர்ந்தார். எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். "முகூர்த்தம் லேட்டாயிடுச்சு மேடம், நான் என்ன பண்றது?" என்றார். எனக்கு அப்போதே சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வந்திருந்த பெண்களில் ஒருத்தி பட்டியலில் இருந்தவள். கடலூர்ப் பெண், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒல்லியாக, அழகாக, நிதானமாக ஆடுவாள். சார் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் அவளோடு படித்தவர்கள், பக்கத்துப் பள்ளிக்காரர்கள். கடைசியாக ஒருத்தி, கிள்ளையைத் தாண்டி ஒரு கடலோர ஊரிலிருந்து தன் தாய்மாமாவின் பைக்கில் வந்தவள். எங்கள் அறிவிப்பு எத்தனையோ குழுக்களைச் சுற்றி அந்த மாமாவின் போனுக்குப் போயிருக்கிறது. நடுத்தர உயரம், அகலமான தோள். காலில் யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மாமா என்னிடம் வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அவ அப்பா படகு வேலைக்குப் போறதில்ல மேடம், முதுகு போயிடுச்சு. சிப்காட்ல ஒரு கம்பெனில நான் சொல்லி வெச்சிருக்கேன். இங்க கெடச்சா படிப்பா. இல்லன்னா அடுத்த மாசம் வேன்ல ஏத்திவிட்டுடுவேன். அவளுக்குப் படிக்கணும்னுதான் ஆச, ரொம்ப ஜாஸ்தி ஆச." மிரட்டலாகவோ கெஞ்சலாகவோ சொல்லவில்லை. நிலவரத்தைச் சொன்னார்.

இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டோம். இப்படிப்பட்ட தேர்வுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே பள்ளிப் பெண்கள் தங்களுக்குள்ளேயே பந்தைக் கொடுத்துக்கொள்வார்கள். தனியாக வந்தவள் மைதானத்தை அளந்துகொண்டு ஓட வேண்டியதுதான். கிள்ளைப் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. யாரும் பந்து கொடுக்கவில்லை. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. யாராவது எறிந்து, பந்து வளையத்தில் பட்டு வெளியே விழும் இல்லையா, அது எங்கே விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நெட்டைப் பெண் கையை நீட்டுவதற்குள் இவள் அங்கே நிற்பாள். தோளைக் கொடுத்து இடம் பிடிப்பாள், குதிப்பாள், பந்து கையில். மறுபடி, மறுபடி. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் பிடித்த பிறகு அவள் செய்ததைப் பார்த்துத்தான் தலையில் அடித்துக்கொண்டேன். வளையத்துக்கு நேர் கீழே நிற்கிறாள், கையில் பந்து இருக்கிறது, எதிரே ஆளே இல்லை. எம்பிப் போட்டால் புள்ளி. அவளோ பந்தைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடி, பெரிய வளைகோட்டுக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்து திரும்ப உள்ளே வருகிறாள். அதற்குள் எதிரணி மொத்தமும் வந்து சூழ்ந்துவிடும். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். நெட்டைப் பெண்ணின் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் சத்தமாகவே சிரித்தார். "இதுக்கு ரூல்ஸே தெரியல மேடம். யாரு இத பைக்ல ஏத்திவிட்டது?"

தேர்வாளர் ஆட்டக்காரரோடு பேசக் கூடாது என்பது முறை. முறை கிடக்கட்டும் என்று இடைவேளையில் எழுந்து போனேன். மாமா அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரிங்குக்குக் கீழயே பந்து கெடைக்குது. ஏன் அப்படியே போடாம வெளிய எடுத்துட்டுப் போற?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "வெளிய எடுத்துட்டு வந்துதானே மேடம் போடணும்?"

"யாரு சொன்னது?"

"எங்க ஊர்ல அப்படித்தான். எங்களுக்கு ஒரு ரிங்குதான். இன்னொண்ணு புயல்ல சாஞ்சிடுச்சு. வெளியூர் போயி நான் ஆடினதில்ல."

மாமா விளக்கினார். "ஒரே ரிங்குல பெருசு சிறுசு எல்லாம் சேந்து ஆடுதுங்க மேடம். கீழ நிக்கிற பெருசுங்களே புடிச்சிப் புடிச்சிப் போட்டுக்கிட்டா சின்னப் புள்ளைங்களுக்குப் பந்தே கெடைக்காது. அதுக்காக இதுங்களே வெச்சிக்கிட்ட ரூலு. யாரு புடிச்சாலும் கோட்டுக்கு வெளிய எடுத்துட்டுப் போயி அப்புறந்தான் போடணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் இந்தத் துறையில் இருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு விதி எழுதிய பயிற்சியாளர் ஒருவரையும் நான் கண்டதில்லை. "இங்க அந்த ரூல் கெடையாது. புடிச்ச எடத்துலயே போடு. எம்பிப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் மாமாவைப் பார்த்தாள். "மேடம்தான் சொல்றாங்கல்ல, போடு புள்ள" என்றார் அவர்.

இடைவேளைக்குப் பிறகு முதல் பந்தை அவள் பிடித்ததும் கால் தன்னால் பின்னால் போனது. பாதி வழியில் நினைவு வந்து நின்றாள். பந்து பறிபோனது. அடுத்த பந்தில் நின்ற இடத்திலேயே எம்பினாள், உள்ளே விழுந்தது. அதற்கு அடுத்ததும் விழுந்தது. அடுத்ததில் நெட்டைப் பெண் கையை உயர்த்திக்கொண்டு எதிரே நின்றாள். இவள் ஏமாற்றிவிட்டு அந்தப் பக்கமாகப் போட்டாள். நான் பூரித்துப்போய்ச் சார் பக்கம் திரும்பினேன். நாற்காலி காலி. தாம்பூலப் பை மட்டும் இருந்தது. அவர் வேலிக்கு அந்தப் பக்கம், வேப்பமர நிழலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். பந்தி பிரமாதம், பாயசம்தான் கொஞ்சம் தித்திப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது. அவர் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்து பெண்கள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது அந்த நெட்டைப் பெண் தானாக என்னிடம் வந்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "மேடம், எங்க அப்பா சென்னை காலேஜுக்குப் பேசி முடிச்சிட்டாரு. இந்த சார் கூப்பிட்டதால வந்தேன். நீங்க வேற யாரையாவது எடுத்துக்குங்க" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தர் எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாள் செயலாளர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ரிங் கதை, கோட்டுக் கதை, கடைசி மூன்று பந்துகள். ஒரு வாரம் கொடுத்தால் அந்தப் பழக்கத்தை மாற்றிவிடுவேன், அவளிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லை என்றேன். சார் உதட்டைப் பிதுக்கினார். "நான் பாக்கலையே மேடம். நான் பாத்தவரைக்கும் பந்த எடுத்துக்கிட்டு ஓடிப் போச்சு."

"நீங்க போன்ல இருந்தீங்க சார்."

"அதுக்காக நான் பாக்காதத பாத்தேன்னு சொல்ல முடியுமா?"

நெட்டைப் பெண் சென்னைக்குப் போகிறாள் என்பதையும் சொன்னேன். செயலாளர் சிரித்தார். "எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தாம்மா சொல்லும். பிராஸ்பெக்டஸ்ல அந்த உயரத்துல ஒரு பொண்ணு போட்டோ இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க." என் குரல் உயர்ந்துவிட்டது. நமக்கு ஆட்டக்காரி வேண்டுமா, கொடிக்கம்பம் வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. அந்த இடம் நெட்டைப் பெண்ணுக்கு என்று முடிவானது. கிள்ளைப் பெண்ணைக் காத்திருப்பில் வைக்கலாம் என்றார்கள். அப்படியானால் அவள் பெயரைச் சேர்க்கைப் பட்டியலில் ஏற்றுங்கள் என்றேன். அதற்கு அவசியம் வராது என்றார் செயலாளர்.

அவசியம் வந்தது. சேர்க்கையின் கடைசி நாள் மாலைவரை நெட்டைப் பெண் வரவில்லை. அவள் சென்னையில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சார் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். கிள்ளைக்கு ஒரு போன் போடுகிறேன், இப்போது கிளம்பினால்கூட வந்துவிடுவாள் என்று நான் செயலாளர் வாசலில் கத்திக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், இன்னும் கொஞ்ச நேரம் என்றார்கள். அலுவலகம் மூடியது. மறுநாள் கேட்டபோது, பல்கலைக்கழகத்துக்குக் கணக்கு அனுப்பியாகிவிட்டது, இனி ஒரு பெயரும் சேர்க்க முடியாது என்று எழுத்தர் சொன்னார். அந்த ஒரே இடம் அந்த வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. யாருக்கும் இல்லாமல் ஓர் இடத்தை வீணாக்க எங்களால் மட்டும்தான் முடியும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிள்ளைக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். மாமா என்னை நேராக ஆடுகளத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு ரிங்; எதிர்ப் பக்கம் கம்பம் மட்டும் சாய்ந்து நின்றது. அவள் விசில் இல்லாமல் விரலை மடித்து வாயில் வைத்து ஊதி ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள். கம்பெனியில் சேர்ந்து சில வாரம் ஆகியிருந்தது. ஞாயிறு மட்டும்தான் இங்கே வருகிறாளாம்.

நடந்ததைச் சொன்னேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்கவில்லை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்; பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல மேடம்" என்றாள். பிறகு கேட்டாள்: "அடுத்த வருஷமும் டிரையல்ஸ் வெப்பீங்களா?"

"வெப்போம். நீ வருவியா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"நான் எங்க மேடம், ஷிப்டு." ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெரிய பெண்களைக் கையால் காட்டினாள். "இவளுங்க ரெண்டு பேரும் அடுத்த வருஷம் பிளஸ் டூ. அதான் கேட்டேன்."

அப்போதுதான் ஆட்டத்தைச் சரியாகக் கவனித்தேன். அந்த இரண்டு பேரில் ஒருத்தி வளையத்தில் பட்டு விழுந்த பந்தைப் பிடித்தாள். பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே எம்பிப் போட்டாள். "அப்படித்தான்! புடிச்ச எடத்துலயே போடு!" என்று இவள் கத்தினாள். நான் அன்று சொன்ன அதே வார்த்தை.

"ரூல மாத்திட்டீங்களா?"

"அன்னிக்கு வந்த ஒடனே மாத்திட்டேன் மேடம். இல்லன்னா இவளுங்களையும் பாத்து சிரிப்பாங்க."

ஆடுகளத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெரிய பெண்களும் பையன்களும்தான் இருந்தார்கள்.

"சின்னப் புள்ளைங்கள காணோமே?"

"ஒரு வாரம் நின்னு பாத்துச்சுங்க. பந்து கெடைக்கல" என்றாள். "இப்பல்லாம் வர்றதில்ல மேடம்."