நான் பிறகு சாப்பிடுறன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், செப்டெம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். லண்டன் நகர நடுவில் உள்ள பெரிய அருங்காட்சியகம் ஒன்றில், வர்ணம் பூசிய சுடுமண் சவப்பெட்டியின் முன்னால் நானும் என் மனைவியும் நின்றுகொண்டிருந்தோம். அன்று அவள் நோயோடுதான் நின்றாள். எனக்கு அது தெரியாது. அடுத்த ஆறு மாதத்தில் அவள் இறந்துபோனாள். அது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்பதைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் வரலாற்று ஆசிரியர். அகதியாக இங்கே வந்த பிறகு ஒரு கவுன்சில் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் போயிற்று. பென்ஷன் எடுத்ததும் பழைய பைத்தியம் திரும்பி வந்தது. தென் லண்டனில், நோர்பரியில் எங்கள் தமிழ் முதியோர் மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அங்கே பேச என்னைக் கேட்டார்கள். எத்ருஸ்கர்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். ரோமர் தலையெடுப்பதற்கு முன் இத்தாலியின் நடுப்பகுதியில் செழிப்பாக வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்கள் எழுதிய நூல்கள் அநேகமாக எல்லாம் அழிந்துவிட்டன. இன்று அவர்களை நாம் அறிவது பெரும்பாலும் கல்லறைகளிலிருந்துதான்.

கல்லறைச் சுவர்களில் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்து விருந்துண்ணும் ஓவியங்கள் இருக்கின்றன. கிரேக்கர்களுக்கு இது பொறுக்கவில்லை. குடும்பப் பெண் ஆண்களோடு பந்தியில் இருப்பதா என்று கேவலமாக எழுதிவைத்தார்கள். எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் சாப்பிடுவேன். அவள் பக்கத்தில் நின்று பரிமாறுவாள். "நீரும் இரும்" என்று எப்போதாவது சொன்னால், "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்" என்பாள். நான் கை கழுவி, செய்தி பார்க்க முன்னறைக்குப் போய்விடுவேன். அவள் சமைத்த குசினியிலேயே தனியாகச் சாப்பிடுவாள். நாற்பத்திரண்டு வருடம் இப்படித்தான். இருவரும் வேலைக்குப் போன காலத்திலும் இப்படித்தான். யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு வசதியாக இருந்தது, நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று பார்த்த சவப்பெட்டியின் மூடியில் ஒரு எத்ருஸ்கச் சீமாட்டி ஒருக்களித்துச் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, மற்றக் கை முக்காட்டை விலக்குகிறது. கீழே அவளுடைய பெயர் பொறித்திருக்கிறது. உள்ளே கிடந்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், இளமையில் குதிரையிலிருந்து விழுந்து தாடை பழுதாகியிருக்கலாம், பிற்காலத்தில் வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் கஞ்சி, சூப் போன்றவற்றிலேயே வாழ்ந்திருக்கலாம் என்று சொன்னதை வாசித்திருந்தேன். அதை மனைவிக்கு விளக்கினேன்.

அவள் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்த மனிசிக்குச் சாப்பிட ஏலாதெண்டு அவவின்ரை மனிசனுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"தெரியாமல் எப்பிடி? பக்கத்திலை இருந்து சாப்பிட்ட சனமெல்லோ."

"அப்ப அவ சொல்லவேண்டி வந்திராது" என்றாள்.

இவ்வளவு கூர்மையான கேள்வி கேட்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். பிறகு கீழே போய் நான் சாண்ட்விச் சாப்பிட்டேன். அவள் தேநீர் மட்டும் குடித்தாள்.

ஒக்டோபரில் பேச்சு நன்றாக அமைந்தது. அவளுடைய கேள்வியை என்னுடையதாக்கி, "ஒன்றாக இருந்து உண்பவர்களிடம் நோயை மறைக்க முடியாது" என்று முடித்தேன். கை தட்டினார்கள். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி எழுந்தார்.

"மாஸ்டர், அப்ப வீட்டிலை நீங்களும் அக்காவும் ஒண்டாயிருந்துதானே சாப்பிடுறனீங்கள்?"

"அதுக்கு நான் இத்தாலியிலையெல்லோ பொம்பிளை எடுத்திருக்கவேணும்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. "அக்காவைக் கேப்பம்" என்று அந்தப் பெண்மணி விடவில்லை. பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "அவர் சாப்பிட்டு எழும்பினாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன்.

அவள் மெலிந்துவருவதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அவளுக்கு இருந்த சீனி வருத்தத்துக்காக, நீரிழிவுக்காக, சோற்றைக் குறைக்கிறாள் என்று எண்ணினேன். "இப்ப நல்லாயிருக்கிறீர்" என்றுகூடச் சொன்னேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் மகள் இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தாள். வைக்கலாமென்று பிரீசரைத் திறந்தால் இடமில்லை. மேலிருந்து கீழ்வரை ஐஸ்கிரீம் பெட்டிகள். ஒன்றைத் திறந்தாள், இன்னொன்றைத் திறந்தாள். எல்லாவற்றிலும் சோறும் கறியும். எனக்குச் சமைத்த அதே கறிகள், ஒரு ஆளுக்கான அளவில். உணவை எறிவதற்கு என் மனைவிக்கு மனம் வராது.

மகள் முன்னறைக்கு வந்து தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"அப்பா, அம்மா சாப்பிட்டதைக் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?"

நான் யோசித்தேன். நேற்று, போன கிழமை, போன மாதம் என்று பின்னோக்கிப் போனேன். ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை.

பத்து நாளில் மருத்துவமனையில் இருந்தோம். மனைவிக்கு ஆங்கிலம் போதாது. டாக்டரிடம் எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பேன். விழுங்குவதற்கு எவ்வளவு காலமாகக் கஷ்டம் என்று டாக்டர் கேட்டார். நான் அவளைக் கேட்டேன்.

"ஒன்பது மாசம் இருக்கும்" என்றாள்.

நான் டாக்டரிடம், சில வாரங்கள் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். ஒன்பது மாதமாக ஒரே வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அந்த மனிதர் கேட்டுவிடுவாரோ என்ற பயம். சாகப்போகிறவளின் முன்னிலையில் நான் என் மானத்தைப் பார்த்தேன்.

"அப்பா, அம்மா சொன்னதைச் சொல்லுங்கோ" என்றாள் மகள். அவளே ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னாள். டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. முதலில் எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

உணவுக்குழாயில் புற்று. பரவிவிட்டது. கோடையில் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். இருக்கலாம் என்றார்.

ஒருநாள் கட்டிலருகில் இருந்து, "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்கள் அந்தக் கூட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தியள். அது முடியட்டுமெண்டு இருந்தனான்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபித்திருக்கலாம். அருங்காட்சியகத்தில் கேட்டது நினைவிருக்கிறதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மார்ச் மாதம் போய்விட்டாள். கடைசி வாரங்களில் அவளுக்குக் கரண்டியால் சூப் கொடுத்தபோது நானும் அதையே குடித்தேன். நாங்கள் ஒன்றாக உண்டது அவ்வளவுதான்.

செத்தவீட்டுச் சடங்குகள் எல்லாம் முடிந்த பிறகு, பிரீசரில் இருந்த பெட்டிகளை எறிய வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். தினமும் ஒன்றாகச் சூடாக்கி, குசினியில் அவள் இருக்கும் முக்காலியில் இருந்து சாப்பிட்டேன். அவளுடைய பங்கு அது. சிலவற்றில் ஒரு வாய் எடுத்த குழி இருந்தது. முயன்று பார்த்திருக்கிறாள்.

இப்போது யாராவது விருந்துக்கு அழைத்தால், அந்த வீட்டுப் பெண் தன் தட்டோடு வந்து பக்கத்தில் அமரும்வரை நான் சோற்றில் கை வைப்பதில்லை. கிழவன் கரைச்சல் கொடுக்கிறான் என்று சிலர் நினைப்பது தெரியும், ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருத்தியின் தாடையை அறிந்திருந்த எனக்கு, அடுத்த அறையில் பட்டினி கிடந்தவளைத் தெரியவில்லை என்பதால், நான் காத்திருக்கிறேன்.